தாள் வாங்கக் காசு கேட்டவர்கள்

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பற்றித் தமிழில் வெளிவந்த கவிதைகளை ஒன்றாகக் கூட்டிவைத்தால் அதுவே ஒரு சிறு நூலகமாகிவிடும். 1981ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை இலக்கிய அன்பர் எவரும் உறக்கத்திலும் ஒப்பிப்பார். அதே நாட்களில், அதே ஊரில், அதே கும்பலால் 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் அச்சகமும் எரிக்கப்பட்டன. 1959 முதல் யாழ்ப்பாண மண்ணிலிருந்தே வெளிவந்த நாளிதழ் அது. கொழும்பில் அச்சாகி இரயிலில் வரும் தாள்களுக்குக் காத்திராமல், தம் ஊர்ச் செய்தியைத் தம் ஊரிலேயே அச்சடிக்க முடியும் என்று காட்டிய இதழ். அதன் சாம்பலைப் பாடிய கவிஞர் யாரேனும் உண்டெனில், அவர் பெயர் எங்கள் வாசிப்பில் இதுவரை எதிர்ப்படவில்லை.

காரணம் எளியது. நூல் என்றால் நமக்குச் சரசுவதி. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். செய்தித்தாள் என்றால் வடையில் எண்ணெய் ஒற்றும் தாள். எடைக்குப் போட்டு ஈயப் பாத்திரம் வாங்கும் பொருள். நூலுக்காக அழுபவர் பண்பாடு உடையவர், செய்தித்தாளுக்காகக் காசு கேட்பவர் ஏதோ உள்நோக்கம் உடையவர் என்ற எண்ணம் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. போர் நடக்கும் ஊரில் ஒரு சிற்றிதழோ நாளிதழோ உயிர்த்திருக்க நாம் ஏன் நூறு ரூபாய் கொடுக்கவேண்டும் என்று எங்களிடம் அண்மையில் கேட்ட நண்பர்கள் பலர். அவர்கள் எவரும் கஞ்சர்கள் அல்லர். கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். குழல்விளக்கின் மேல் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று தம் பெயரை எழுதிவைப்பவர்கள். ஆகவே இந்த எதிர்வழக்கை அவர்களுக்கே உரிமையோடு எழுதுகிறோம்.

முதலில் ஒரு வழக்கின் கதை. கொழும்பின் 'சண்டே டைம்ஸ்' இதழில் பத்தி எழுதிவந்த ஜே. எஸ். திசைநாயகம், 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி' என்றோர் ஆங்கில மாத இதழையும் நடத்திவந்தார். பெயருக்கேற்ப வடக்கு கிழக்கின் நிலவரத்தை எழுதிய சிறிய இதழ். அதை அச்சிட்டவரும் அவருடைய மனைவியும் 2008 மார்ச்சில் பிடிக்கப்பட்டனர். அவர்களைப் பற்றி விசாரிக்கப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவின் அலுவலகத்துக்குப் போன திசைநாயகம் அங்கேயே தடுத்துவைக்கப்பட்டார். சில மாதங்கள் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தது. 2006இல் இதழில் வந்த கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாய்ந்தது. அது எதிர்பார்க்கக் கூடியதே. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கவேண்டியது இன்னொரு குற்றச்சாட்டை. இதழ் நடத்துவதற்குப் பணம் திரட்டினார், அதன்வழி பயங்கரவாதத்துக்குத் துணைபோனார் என்பது அது. 2009 ஆகஸ்டு 31ஆம் நாள் கொழும்பு உயர்நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை, 20 ஆண்டுக் கடூழியச் சிறை.

பின்னர் 2010 சனவரியில் பிணை கிடைத்தது; அவ்வாண்டு மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளை ஒட்டி, பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் பெருந்தன்மையைப் பற்றித் தனியே எழுதலாம், இங்கு வேண்டாம். எழுதியது ஒரு குற்றம், எழுதியதை அச்சிடக் காசு சேர்த்தது மற்றொரு குற்றம் என்று ஓர் அரசு பிரித்தறிந்து வழக்குத் தொடுத்தது என்பதே நமக்கு முக்கியம். காசின் அருமை அரசுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்தாளனைச் சிறையிட்டால் இன்னொருவன் எழுதுவான். தாளுக்கும் மைக்கும் வழியில்லையென்றால் எவன் எழுதியும் பயனில்லை. இந்தக் கணக்கு கொழும்பின் வழக்குரைஞர்களுக்குப் புரிந்த அளவு தமிழ் இலக்கிய உலகுக்குப் புரியவில்லை என்பதே எங்கள் குறை.

தாள் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறோம். 1990களின் முற்பாதியில் யாழ்குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, அங்குள்ள நாளிதழ்கள் பள்ளிக் குறிப்பேட்டின் கோடுபோட்ட தாளில் அச்சாயின. அந்தத் தாள்களை இன்று 'நூலகம்' இணையத் தொகுப்பில் தேடிப் பார்ப்பவர்கள், குழந்தைகளின் கையெழுத்துக்காக அச்சிட்ட கோடுகளின் மேல் குண்டுவீச்சுச் செய்தி படிந்திருப்பது என்ன தோற்றம் தரும் என்பதைத் தாமே உணர்வார்கள். அதே ஆண்டுகளில், எங்கள் பல்லடத்திலிருந்து கிழக்கே திருச்சி சாலையைப் பிடித்துக் கரூர்ப் பக்கம் போனால் இரண்டு மணி நேரப் பயணத்தில், புகளூரில், தமிழ்நாடு அரசின் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் வார்த்துக்கொண்டிருந்தது. சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நம் திறனைப் பாடநூல்களில் பெருமையாக எழுதிக்கொண்டோம். அந்த ஆலையின் ஓர் உருளைக் காகிதமேனும் நீரிணையைத் தாண்டவேண்டும் என்று ஒரு மாநாடும் தீர்மானம் போடவில்லை. போட்டால் அனுமதி கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. கேட்காததற்கு அது விடையாகாது.

மேலும் ஒரு கணக்கு இந்தியர்களாகிய நமக்கு உண்டு. 1987 அக்டோபரில் அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் போரைத் தொடங்கியபோது அதன் முதல் நடவடிக்கைகளில் ஒன்று, 'ஈழமுரசு', 'முரசொலி' என்ற இரு நாளிதழ்களின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்ததாகும். (இது யாழ்ப்பாணத்து முரசொலி, பெயரைக் கண்டு சென்னைவாசிகள் திடுக்கிடவேண்டாம்.) வெடிமருந்து நம் வரிப்பணத்தில் வாங்கியது. அச்சகத்தைத் தகர்ப்பதற்கு நம் காசு போயிருக்கிறது. கட்டியெழுப்புவதற்கு ஏன் போகவேண்டும் என்று கேட்பவர், முதற்பாதியை மறந்துவிட்டுக் கேட்கிறார்.

'உதயன்' கதை பலரும் அறிந்ததே, ஆயினும் சுருக்கமாகச் சொல்வோம். 1985இல் தொடங்கிய நாளிதழ். 2006 மே 2ஆம் நாள் மாலை ஆயுததாரிகள் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் மாண்டனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதைக் கொண்டாட வெளிநாட்டு விருந்தினர்கள் கொழும்பில் கூடியிருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை முகமாலையில் மூடப்பட்டதும் தாளும் மையும் வருவது நின்றுபோயிற்று. இதழின் பக்கங்கள் சுருங்கின. 2007 ஏப்ரல் 29ஆம் நாள், இளம் செய்தியாளர் செல்வராசா ரஜீவர்மன் அலுவலகத்துக்கு அருகிலேயே, சைக்கிளில் வருகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆசிரியர் கானமயில்நாதன் வீட்டுக்குப் போவதையே விட்டு ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே உண்டு, அங்கேயே உறங்கி இதழை வெளிக்கொணர்ந்தார். அவர் 2021இல் இயற்கை எய்தியபோது தமிழ்நாட்டு நாளிதழ்கள் எத்தனை வரி எழுதின என்று எண்ணிப் பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள். போர் முடிந்த பின்னும் விடவில்லை: 2013 ஏப்ரலில் முதலில் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது, பத்து நாளில் யாழ்ப்பாணத்து அச்சு இயந்திரம் கொளுத்தப்பட்டது.

இவ்வளவு நடந்த நாட்களில் தமிழர்கள் பணமே கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள், கணக்கற்றுக் கொடுத்தார்கள். டொராண்டோவிலும் இலண்டனிலும் வீடு வீடாகப் பணம் சேர்ந்தது. விரும்பிக் கொடுத்தவர்கள் ஒரு புறம். மறுக்க அஞ்சிக் கொடுத்தவர்கள் மறுபுறம். 'இறுதிப் போருக்கு' என்று கேட்டு மிரட்டித் திரட்டியதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, எந்த இயக்கத்துக்கும் கட்டுப்படாத ஓர் இதழுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு. போயிருக்காது என்பதுதான் கசப்பான விடை. சுதந்திரமான இதழை அரசு மட்டும் வெறுக்கவில்லை. 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர், அவர் திரும்பவேயில்லை. அடுத்த ஆண்டு அனைத்துலக எழுத்தாளர் கழகமான பென் அவருக்கு விருது அளித்தபோது, வாங்கிக்கொள்ள அவர் வரமுடியாத இடத்தில் இருந்தார். கொழும்பிலிருந்து 1990களில் வெளிவந்த 'சரிநிகர்' இரு தரப்பையும் கேள்வி கேட்டது, பின்பு நின்றுபோனது. போருக்குக் கொடுத்த சமூகம், போரைப் பற்றி உண்மை எழுதியவர்களுக்குக் கொடுக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது அறமாகாது. 2005இல், போர்நிறுத்தம் பெயரளவில் இருந்து மெல்லச் செத்துக்கொண்டிருந்தபோது, சில இளைஞர்கள் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை இணையத்தில் தொடங்கினார்கள். சிறு தொகைகளாலும் தன்னார்வலர் உழைப்பாலும் ஓடிய முயற்சி அது. இன்று ஈழத்து நாளிதழ்கள், சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள் என இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. எவரும் தம் பெயரைக் குழல்விளக்கில் எழுதிக்கொள்ளவில்லை. சிறுகச் சிறுக இணையம் வழியே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கையில், 'நம்மவர்களுக்கு இதெல்லாம் வராது' என்று தலையாட்டுபவர்களை என்ன செய்வது?

தமிழகத்தின் பக்கத்துக்கு வருவோம். 2008 அக்டோபரில் மாநில அரசு ஈழத் தமிழர்க்கு நிவாரண நிதி திரட்டியது. அரிசி, பருப்பு, துணிமணி எனப் பொருட்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகக் கப்பலில் போயின. எங்கள் பகுதியின் விசைத்தறிக் கூடங்களிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்கள் உண்டு. அது நல்ல செயல், அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த மாதங்களில் வன்னிக்குள் நடப்பதை நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் எத்தனை பேர்? வெளிநாட்டுச் செய்தியாளர்களை அரசு உள்ளே விடவில்லை. உள்ளிருந்து செய்தி அனுப்பிவந்த பு. சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12ஆம் நாள் எறிகணைக்குப் பலியானார். அதற்கு ஒரு மாதம் முன்னால், சனவரி 8ஆம் நாள், கொழும்பில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டிருந்தார். சனவரி 29ஆம் நாள் சென்னையில் தீக்குளித்த முத்துக்குமாரும் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவரே. அவர் சாகும்போது விட்டுச்சென்றது ஓர் அச்சடித்த அறிக்கை. செய்தி சொல்பவர்கள் வரிசையாகச் செத்த அந்தச் சில வாரங்களில் எங்கள் தெருமுனைக் கூட்டங்களில் உண்டியல்கள் குலுங்கின. 'செய்தியாளர் குடும்பத்துக்கு' என்றோ 'இதழ் நடத்த' என்றோ எழுதிய உண்டியலை எங்களில் எவரும் கண்டதில்லை.

இங்கேதான் அந்தப் பழைய வாதம் எழும்: பசித்தவனுக்கு முதலில் சோறா, செய்தித்தாளா? கேட்பதற்கு அறம்போல் ஒலிப்பதால் எதிர்த்துப் பேசவே நாணம் வரும். ஆனால் 2007இல் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்கு அன்றைய தாளில் என்ன தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளரும், கப்பல் எந்நாளில் வரும், சங்கக்கடையில் எந்தப் பொருள் வந்திறங்கியிருக்கிறது, நேற்றிரவு எந்த ஒழுங்கையிலிருந்து எவர் மகனைக் கொண்டுபோனார்கள். இதில் எது சோற்றுக்கு அப்பாற்பட்டது? வங்கப் பஞ்சம் இதைவிடக் கொடிய பாடம். 1943இல் கல்கத்தாத் தெருக்களில் மக்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது தணிக்கைக்கு அஞ்சி நாளிதழ்கள் அடக்கி வாசித்தன. ஆகஸ்டு 22ஆம் நாள் 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் துணிந்து புகைப்படங்களை வெளியிட்டார். பஞ்சம் உண்டு என்பதே அதன்பிறகுதான் இலண்டனுக்கும் தில்லிக்கும் மறுக்கமுடியாததாயிற்று. சோறு தானாகப் புறப்படுவதில்லை. பசிக்கிறவன் இருக்கிறான் என்று யாரோ ஒருவர் சொன்ன பிறகே கப்பல் கிளம்புகிறது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் நுட்பமானது, மதிக்கத்தக்கது. காசு கொடுத்தவன் ஆசிரியனுக்கு எசமானன் ஆகிவிடுவானே என்பது அது. ஆவான், ஒருவனே கொடுத்தால். உக்ரைனைப் பார்க்கலாம். 2021 நவம்பரில் 'கீவ் போஸ்ட்' உரிமையாளர் ஆசிரியர் குழுவை ஒரே நாளில் வெளியேற்றினார். வெளியேறியவர்கள் அம்மாதமே 'கீவ் இண்டிபெண்டன்ட்' தொடங்கினார்கள். முதலாளி வேண்டாம், வாசகர் போதும் என்று இணையத்தில் உண்டியல் வைத்தார்கள். மூன்று மாதத்தில், 2022 பெப்ரவரி 24ஆம் நாள், உருசியப் படையெடுப்பு வந்தது. உலகெங்குமிருந்து ஐந்து டாலர், பத்து டாலராக மாதந்தோறும் கொடுத்தவர்களால் அது நிலைத்தது. இதற்கு நேர்மாறான பாடமும் அங்கேயே உண்டு. 2025 சனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை ஒரே ஆணையில் நிறுத்திவைத்தபோது, அந்த உதவியை நம்பியிருந்த உக்ரைன் உள்ளூர் ஊடகங்கள் பல திகைத்து நின்றன. அப்போது 'கீவ் இண்டிபெண்டன்ட்' தனக்குக் கேட்காமல், போர்முனைக்கு அருகிலுள்ள மூன்று சிறு செய்தியகங்களுக்காகத் தன் வாசகரிடம் காசு கேட்டது. கார்கிவின் 'குவாரா மீடியா', சுமியின் 'சுக்ர்', மிக்கோலாயிவின் 'மிக்விஸ்தி'. இந்தப் பெயர்கள் பல்லடத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியவேண்டியதுமில்லை. அந்தந்த ஊர்க்காரனுக்குத் தன் தெருவில் விழுந்த குண்டு எது, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்பவை அவை. தலைநகரின் புகழ்பெற்ற இதழ், மாவட்டத்துச் சிற்றிதழுக்காக மடியேந்துகிறது. சென்னையின் எந்தப் பெரிய இதழாவது ஒரு மாவட்டத்துச் சிற்றிதழுக்காக இப்படிச் செய்ததுண்டா? கேட்டுவைக்கிறோம்.

பெருங்கொடையாளி ஒருவன் கையை இழுத்துக்கொண்டால் இதழ் விழுகிறது. ஆயிரம் பேரில் நூறு பேர் போனாலும் மீதித் தொள்ளாயிரம் பேர் இருக்கிறார்கள். இதைப் பல்லடத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரே நூல் வியாபாரியிடம் கூலிக்கு நெய்பவனின் நிலையும், நாலு பேரிடம் பாவு வாங்குபவனின் நிலையும் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அச்சம் என்ற மூன்றாவது வாதத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க மாட்டோம். அது சட்டத்தின் வடிவிலேயே இருக்கிறது. விடுதலைப் புலிகள் மீது இந்தியாவில் 1992 முதல் தடை உள்ளது. ஈழம் என்ற சொல் ஒட்டிய எந்தப் பணமும் ஐயத்துக்குரியது என்று நம் நடுத்தர வர்க்கம் அஞ்சியதில் வியப்பில்லை. உள்நாட்டிலும் அதே கயிறுதான். வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், செய்தியாளர், பத்தியாளர், கேலிச்சித்திரக்காரர் எவரும் அயல்நாட்டுக் கொடை பெறக்கூடாது என்கிறது. இச்சட்டத்தின் முதல் வடிவம் பிறந்த ஆண்டு 1976. அதாவது நெருக்கடிநிலையின் குழந்தை. 2010இல் புதுச் சட்டை அணிவித்தபோது மின்னணுச் செய்தி தயாரிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூரிலிருக்கும் பல்லடத்துப் பொறியாளர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டாரென்றால், தன் ஊர்க் கோயிலுக்கு முறைப்படி பதிவுசெய்த அறக்கட்டளை வழியாகக் கொடுக்கலாம். தன் ஊர்ச் செய்தித்தாளுக்குக் கொடுக்க முடியாது. 2023 அக்டோபரில் 'நியூஸ்கிளிக்' ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா பிடிக்கப்பட்டதும் பணம் எங்கிருந்து வந்தது என்ற பெயரில்தான். 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தக் கைதே செல்லாது என்றது. இடைப்பட்ட ஏழு மாதங்களை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் அஞ்சி ஒதுங்குவதா? சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியவை நிறையவே உள்ளன என்பதுதான் எங்கள் நிலை. உள்நாட்டு வாசகர் உள்நாட்டு இதழுக்குச் சந்தா கட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வெளிநாட்டு இதழுக்குச் சந்தா கட்டுவதும் வங்கி வழியாக நடப்பதே. கடன் அட்டையில் திரைப்படச் செயலிக்கு மாதந்தோறும் போகும் பணம் போகும் வழியில்தான் இதுவும் போகும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். எந்த இதழுக்குக் கொடுக்கிறோமோ அது தன் வரவுசெலவை வெளியிடவேண்டும், யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவரிடமிருந்து காசு வாங்காததாக இருக்கவேண்டும். அதற்குமேல் அது நம் கருத்தை எழுதவேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் நாம் வாசகர் இல்லை, இன்னொரு இயக்கம்.

இணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற மயக்கமும் எங்களுக்கில்லை. 2023 மே மாதம் மணிப்பூர் பற்றியெரியத் தொடங்கியதும் அங்கு இணையம் துண்டிக்கப்பட்டது. மாதக்கணக்கில் சரியாகத் திரும்பவில்லை. உள்ளூர் இதழுக்கு உள்ளூர்க்காரன் கைப்பேசியில் காசு அனுப்பும் வழியே அடைபட்டது. போர் வந்தபின் உண்டியல் தேடுவது காலங்கடந்த செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமைதிக் காலத்திலேயே, ஊருக்கு வெளியே இருக்கும் நூறு பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்துப் பழகியிருக்கவேண்டும்.

'நம் ஊரில் என்ன போர் நடக்கிறது?' என்று கேட்கும் நண்பருக்காக ஒரு செய்தி. 2024 சனவரி 24ஆம் நாள் இரவு, பல்லடம் வட்டாரத்தில் பணிபுரிந்த நியூஸ்7 தமிழ்ச் செய்தியாளர் ஒருவரை ஒரு கும்பல் பின்தொடர்ந்தது. தன்னைச் சிலர் நோட்டமிடுகிறார்கள் என்று அவர் காவல்துறைக்கு மீண்டும் மீண்டும் தொலைபேசினார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவைத் தமிழகமே கேட்டது. உதவி வரவில்லை, அரிவாள்கள் வந்தன. காமநாயக்கன்பாளையம் அருகே படுகாயமடைந்து கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். மாநில அரசு பத்திரிகையாளர் நல நிதியிலிருந்து 3 இலட்சம் ரூபாய் அறிவித்தது. செய்தியாளர் சங்கங்கள் ஆர்ப்பாட்டம் செய்தன. பிறகு, வழக்கம்போல, அடுத்த செய்தி வந்தது.

வட்டாரச் செய்தியாளர் என்பவர் யார் என்று நகரவாசிகளுக்குத் தெரியாது. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. போட்ட செய்திக்கு இவ்வளவு என்று சிறுதொகை, அதோடு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் தரகு. யாரைப் பற்றி எழுதவேண்டுமோ அவரிடமே பொங்கல் மலருக்கு விளம்பரம் கேட்டு நிற்கவேண்டிய நிலை. சாயக்கழிவு ஓடையில் கலந்ததை எழுதுபவரும் அவரே, சாயப்பட்டறை முதலாளி வீட்டுக் காதணி விழாவுக்கு வாழ்த்து விளம்பரம் வாங்குபவரும் அவரே. 2025 வசந்தத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியபோது, ஒரு மாதமளவு தறியோசை இல்லாமல் கிடந்த ஊர்களின் கதையை நாள்தோறும் எழுதியவரும் அவரே. சென்னைத் தொலைக்காட்சிகளின் விவாத மேசைக்கு அது எட்டவேயில்லை. கறிக்கோழியின் பண்ணை விலையை மாநிலத்துக்கே அறிவிக்கும் ஊர் எங்களுடையது. ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கைப்பேசியிலும் வந்துவிடும். கோழிக்கு இருக்கும் செய்தி ஏற்பாடு மனிதனுக்கு இல்லை என்று எங்கள் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். நகைச்சுவைக்காகச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள்.

போர் தொலைவில் நடப்பதாலும் எங்களுக்கு விலக்கு இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது திருப்பூர்ச் சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. நாளும் கூடியது, வாடகையும் கூடியது. 2022இல் உருசியா மீதான தடைகளால் இந்திய நாளிதழ்கள் வாங்கும் காகிதத்தின் விலை ஏறியபோது முதலில் மெலிந்தவை சிறிய இதழ்களே. எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்று உண்மையை எழுதும் ஒருவனுக்கும், பல்லடத்தில் நின்றுபோன தறிக்கும் இடையில் ஓடும் இழையைப் பார்க்க நெசவூர்க்காரனுக்குத் தனிக் கண் வேண்டியதில்லை.

இலக்கிய அன்பர்களுக்கு ஒன்று. 1930களில் 'சுதந்திரச் சங்கு' காலணாவுக்கு விற்றது. ஏழையும் வாங்கட்டும் என்பதற்காகவே அந்த விலை. 'குடி அரசு' ஈரோட்டிலிருந்து வந்தது, அதன் ஆசிரியரும் வெளியீட்டாளரும் சிறை சென்றார்கள். பாரதி தன் நூல்களை அச்சேற்றக் காசு கேட்டுச் சுற்றறிக்கை விட்டார்; போதிய காசு வரவில்லை. இவற்றையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் உருகி உருகி எழுதுகிறோம். இறந்துபோன இதழ்களின் ஆய்வாளராக இருப்பதில் ஓர் உயர்வு இருக்கிறது போலும். உயிரோடிருக்கும் இதழின் சந்தாதாரராக இருப்பதில் அது இல்லை.

பல்லடத்தில் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் நாங்கள் பதினொரு பேர். ஒருவர் தறி வைத்திருக்கிறார், இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் பின்னலாடை நிறுவனத்தில் கணக்கெழுதுகிறார், மற்றவர்களும் அவ்வகையினரே. ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் என்று முடிவு செய்திருக்கிறோம். பாதி, விளம்பரம் வாங்காத ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்குச் சந்தாவாக; மீதி, போர் நடக்கும் ஏதேனும் ஓர் ஊரின் இதழுக்குச் சந்தாவாக. எந்த இதழ் என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒருவர் யாழ்ப்பாணத்துக்குப் பட்ட கடனை முதலில் அடைப்போம் என்கிறார், இன்னொருவர் சுமி என்கிறார், மூன்றாமவர் மணிப்பூரை விட்டுவிட்டு உக்ரைனுக்குப் போவது எப்படி என்று கேட்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை இதைப் பேசி முடிக்க இருக்கிறோம். சேர விரும்புபவர்கள் நூறு ரூபாயோடு வரலாம்; குழல்விளக்கு கொண்டுவர வேண்டாம்.